சிவப்புக் கயிற்றுக் கன்று

செத்துப்போனது சிவப்புக் கயிறு கட்டிய கன்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பச்சைக் கயிறு என்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பச்சைக்கு வெறும் பால் மட்டும். சிவப்புக்குப் பாலோடு வைட்டமின் மருந்தும் உண்டு. அந்த மருந்தால் ரத்தத்தில் கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் வலுப்பெறும் என்று காட்டுவதுதான் என் ஆராய்ச்சி.

காட்டிவிட்டால் படப்பையைச் சுற்றி ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர்களின் கன்றுகளுக்கெல்லாம் மருந்தை இலவசமாகக் கொடுப்பதாக இருந்தது.

நேற்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பின் அணுக்களும் பச்சையின் அணுக்களும் ஒரே மாதிரி சோம்பிக் கிடந்தன. கிருமியைப் பக்கத்தில் வைத்தும் சீந்தவில்லை.

இன்று காலை தாம்பரத்தில் பஸ் ஏறி இந்தப் படப்பைப் பண்ணைக்கு வந்து சேர்வதற்குள் கன்றும் போய்விட்டது.

பண்ணைக்கார லோகநாதன் குழி தோண்ட ஆள் பார்க்கப் போயிருந்தார். கன்றுகளுக்குப் பால் புகட்டும் தனம் அக்கா கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, செத்த கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்குப் போனது ஒரு கன்று. எனக்கு எல்லாமே போயிருந்தது.

வெளியே வந்து பேராசிரியருக்குப் போன் செய்தேன். மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை சார், திட்டத்தைக் கைவிட்டுவிடலாம் என்றேன். அவர் வருத்தப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. மேலே சொல்லிவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பி உள்ளே வந்தபோது தனம் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஒண்ணுக்கு மருந்து ஊத்தசொல்லோ இன்னொண்ணு என் வாயையே பாத்துகினு நிக்கும்மா. எம் புள்ளைங்களுக்குள்ளயே நான் ஓரவஞ்சனை பண்ணதில்ல. நீங்க குடுத்த மருந்த மொத நாள்லேந்தே எல்லாத்துக்கும் பங்கு போட்டுத்தான் ஊத்தினேன். அப்டியும் இது பூட்சே."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தக் கன்றுக்குமே போதுமான மருந்து போய்ச் சேரவில்லை. முழுப் பங்கும் கிடைத்திருந்தால் இது ஒருவேளை எழுந்து நின்றிருக்கும்.

"நல்லதுதான் செஞ்சீங்கக்கா" என்றேன்.