இருமடங்கு பெஞ்சு

கட்டடக்கலைக் கல்லூரியில் அன்று தேர்வு. மாணவர்களின் அட்டை மாடல்களுக்குள் கட்டைவிரல் உயரக் குட்டி மனிதர்கள் குடியேறினார்கள். மணியடிப்பதற்குள் ஒருவர் வெளியேறினாலும் ஃபெயில்.

ஜெபராணி அளவைக் குழப்பியதில், அவளுடைய ஆஸ்பத்திரி மாடலில் பெஞ்சு மட்டும் இருமடங்காகிவிட்டது.

“ஏம்மா, இது யானை உட்காரவா?” என்றார் பேராசிரியர் தணிகாசலம்.

குட்டி மனிதர்கள் பெஞ்சை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் குனிந்து முதுகைக் கொடுத்தார். அதில் கால்வைத்து ஏறியவர்கள் எல்லோரும், ராட்டினத்தில் இருப்பதுபோல் காலாட்டிச் சிரித்தார்கள். முதுகு கொடுத்தவர் மட்டும் கீழே தனியாக நின்றார். பிறகு வாசல் பக்கம் நடந்தார்.

‘ஆண்டவரே’ என்று ஜெபராணி கண்ணை மூடினாள்.

திறந்தபோது, பெஞ்சருகே பேராசிரியரின் ரப்பர் படியாக இருந்தது.

“வந்து ஏறுங்கய்யா, மணியடிக்கப் போகுது,” என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முதுகு கொடுத்தவர் திரும்பி வந்து ஏறினார். மணியடித்தது.

“ரப்பர் அங்கேயே இருக்கட்டும்மா,” என்றார் பேராசிரியர்.