பதினேழு நொடி அழுகை

பாடத்திலிருந்த ஐம்பது நாவல்களையும் மணிக்கட்டுக் கணினிப் பட்டையே மாணவன் இளம்பரிதிக்காகப் படித்து முடித்திருந்தது. அறிவியல் புனைகதைத் தாளின் வாய்மொழித் தேர்வில், எந்த நாவலுக்கு எந்தக் கண்டுபிடிப்பு தூண்டுகோல் என்று அவன் பட்டையைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தான்.

பேராசிரியை செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுவே படிச்சு, அதுவே பதிலும் சொல்லுது. நீ எதுக்குப்பா வந்திருக்கே? அதை மாட்டிக்க ஒரு கை வேணும்னா?"

இளம்பரிதி பல்லைக் காட்டினான்.

"சரி, கடைசி நாவல்ல, விண்கலத்துல இடமில்லேன்னு பெத்த அம்மாவையே விட்டுட்டுக் கிளம்புறானே, அதைப் படிச்சப்போ உனக்கு என்ன ஆச்சு?"

அவன் பட்டையைப் பார்த்தான். "அழுதிருக்கேன் மேடம். பதினேழு நொடி."

செங்கமலம் பூஜ்யம் போடப் பேனாவைத் திறப்பதற்குள், பட்டையோடு இணைந்து மதிப்பெண் போடும் மேசைத் திரை முந்திக்கொண்டு அவனுக்கு முதல் வகுப்பு கொடுத்துவிட்டது. பத்து நொடி அழுதிருந்தாலே போதுமாம்.