மூன்று டிகிரி

ஜூலை மாதம் ஒன்பதாம் நாள். காலை முதல் குளிர்ந்த தூறல். ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியையின் பணி நிரந்தரமாவது அன்று வந்திருந்த ஆய்வாளர் கையில் இருந்தது. மணல் நிரப்பிய சிறு பாட்டிலைக் குலுக்கினால், செய்த வேலை வெப்ப ஆற்றலாக மாறும் என்பதே பாடம். ஒத்திகையில் மணலில் செருகிய வெப்பமானி அரை டிகிரிகூட ஏறவில்லை.

மாணவிகள் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்கினர். மூன்று டிகிரி ஏறியது!

"பலே!" என்று கையொப்பமிட்டுச் சென்றார் ஆய்வாளர்.

"உண்மையைச் சொல்லுங்கடி, எப்படி ஏறிச்சு?" என்றார் ஆசிரியை.

வகுப்புத் தலைவி எழுந்தாள். "குலுக்கினதுல ஏறல மிஸ். ஒவ்வொருத்தியும் உள்ளங்கையைப் பரபரன்னு தேய்ச்சுச் சூடாக்கிட்டுத்தான் பாட்டிலைப் பிடிச்சோம்."

"அடிப் பாவிகளா, ஏமாத்திட்டீங்களே!"

"தேய்க்கிறதும் வேலைதானே மிஸ்?"

ஆசிரியை சிரித்துவிட்டபோது மணி சரியாகப் பதினொன்று நாற்பது.