எட்டு மாத இடுப்பு நோவு

சேரங்கோடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் நர்ஸாகச் சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. தனியாக ஒரு பிரசவம்கூடப் பார்த்ததில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

சிலோனிலிருந்து வந்து குடியேறிய தெய்வம்மா அன்று காலை மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“நர்ஸம்மா, கெதியா வாங்க! வீட்டுல இடுப்பு நோவு தாங்க முடியல.”

“எத்தனை மாசமுங்க?”

“எட்டு.”

குறைப்பிரசவம் என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

“இதுக்கு முன்னால?”

“கண்டியில ஒருக்கா வந்திச்சு. தானாப் போயிருச்சு.”

கத்தரிக்கோல், நூல் எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். ஓர் உயிர் என் கையால் போய்விடுமோ என்ற பயம் கூடவே ஓடிவந்தது.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பெரிய மீசையோடு அவள் புருஷன் தங்கவேலு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கத்தரிக்கோலைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“வெட்டணுமா?”

“இவருக்கா நோவு?” என்றேன்.

“தல நோவு, பல்லு நோவு மாதிரி இது இடுப்பு நோவு” என்றாள் தெய்வம்மா.

எங்கள் கோயமுத்தூரில் இடுப்பு நோவு என்றால் பிரசவ வலிதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். இடது இடுப்பெலும்பின் மேல் வீக்கம்.

“வலது பக்கமாப் படுங்க. முழங்காலுக்கு நடுவுல தலகாணி வைங்க. ஒத்தடம் குடுங்க. கேக்கலீன்னா கூடலூர்ல ஊசி போட்டுக்கலாம். ரெண்டு வாரம் லீவு எழுதறேனுங்க.”

தங்கவேலுவுக்கு முகம் சுருங்கியது.

“பக்கத்து லயத்துப் பேச்சியம்மாவுக்கும் இடுப்பு நோவுன்னுதான் சொன்னாங்க. அவளுக்கு மூணு மாசம் லீவு. எனக்கு மட்டும் ரெண்டு வாரமா?”