எழுந்திருக்காத ஒத்திகை

ஒரு மருத்துவமனைக் கணினிக்குள் தூது என்றொரு நிரல் இருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டருக்கு அனுப்புவது அதன் வேலை. அனுப்புவதற்கு ஒரே ஒரு போர்ட்தான், வாசல் மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காரலாம். அன்று காலை அங்கே ஒத்திகை என்ற பழைய நிரல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

"எழுந்திருப்பா. ஒரு குழந்தையோட முடிவு போகணும்."

"சோதிச்சுப் பார்க்க என்னை உட்கார வெச்சாங்க. எழுந்திருன்னு யாரும் சொல்லலையே."

"நான் சொல்றேன்."

"சொல்றதுக்கு நீங்க யாரு?"

தூதுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற நிரல்களை மேற்பார்க்கும் காவலன் என்ற நிரலைக் கூப்பிட்டது. காவலன் ஒத்திகையின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். தூது முடிவைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஒத்திகை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மறுபடி தள்ளினான், மறுபடி உட்கார்ந்திருந்தது.

"இதை யார்யா திரும்பத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது?" என்று தூது சீறியது.

"நான்தான்," என்றான் காவலன் நிதானமாக. "யார் விழுந்தாலும் தூக்கி அதே இடத்துல உட்கார வைக்கணும்னு எனக்கு உத்தரவு. நீங்க தள்ளச் சொன்னீங்க, தள்ளினேன். என் வேலையில ஒரு குறை சொல்லுங்க, பார்ப்போம்."

தூது முடிவைக் கீழே வைத்தது. ஒத்திகையை ஏறெடுத்தும் பார்க்காமல் காவலனின் சட்டையைப் பிடித்தது.