திரும்பாத லாரி

"ஒரு மாசமா ஒருத்தரைக்கூடக் கொல்லலீங்க டாக்டர்!" என்று சொல்லிவிட்டு, சென்றாயன் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டான்.

சேலத்து மனநல டாக்டர் பரக்கத் அலி சிரித்தார். "அதுக்கு முன்னாடி எத்தனை பேரைக் கொன்னீங்க?"

"தெனம் ரெண்டு மூணு தேறுமுங்க. எல்லாம் மனசுலதான்."

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி சாலம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

சென்றாயன் வெண்ணந்தூர் சேகோ ஆலை ஒன்றில் லாரி டிரைவர். தினமும் காலையில் ஜவ்வரிசி மூட்டைகளைச் சேலம் மண்டிக்குக் கொண்டுவருவான். பதினாலு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஆனால் இரண்டு வருஷமாக, சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஆள் மேல் ஏற்றிவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மல்லூரில் மெயின் ரோடு ஏறிவிட்டால் பயமில்லை. அதுவரைக்கும் உள்ள குறுகலான ரோடுதான் அவனுக்கு எமன். நடந்து போகிறவர்கள், நூல் மூட்டையோடு சைக்கிளில் போகும் தறிக்காரர்கள், ஆடு மேய்க்கிற பெண்கள் என்று அதில் எப்போதும் நடமாட்டம் இருக்கும்.

"ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்ரேன். இதோட சரி" என்று கிளீனரிடம் கெஞ்சிவிட்டு லாரியைத் திருப்புவான். ரோட்டில் ஒன்றும் இருக்காது. மறுபடி கிளம்புவான். அரை மைல் போனதும் மறுபடி திருப்புவான். பத்து மணி மூட்டை மூன்று மணிக்குத்தான் மண்டி சேரும்.

"இன்னொருக்கா வண்டி திரும்புச்சுன்னு காதுல உளுந்துது, சாவியை வெச்சுப்போட்டுப் போயிரு" என்றார் முதலாளி நாச்சிமுத்து. அந்த வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மூன்று மாதம் முன்பு சாலம்மாள்தான் அவனை முதல் தடவையாக இங்கே இழுத்து வந்தாள்.

"மண்டையில கரண்டு வெப்பீங்களா சாமி?" என்று அன்றைக்கு நடுங்கினான். அதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே இரண்டு கட்டளையும் போட்டார்.

"சென்றாயன், என்ன ஆனாலும் வண்டியைத் திருப்பக் கூடாது. மொதல்ல உயிர் போற மாதிரி இருக்கும். பொறுத்துக்கிட்டா தானா அடங்கும். அம்மா, சாயங்காலம் வந்து உங்களைக் கேப்பாரு, யாரையாச்சும் அடிச்சிருப்பனான்னு. இல்லைன்னு ஆறுதல் சொல்லிராதீங்க. நீங்க பதில் சொன்னா, அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே சோறு போட்டு வளக்கற மாதிரி."

முதல் மாதம் நரகம்தான். "ஒரு வார்த்தை சொல்லு புள்ள, அடிக்கலைன்னு சொல்லு" என்று அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுவான். சாலம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். கல்நெஞ்சக்காரி என்று அக்கம்பக்கம் ஏசியது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

கேள்வி மெல்ல மெல்லக் குறைந்தது. போன மாதம் அடியோடு நின்றது. இப்போதெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவனுக்குக் குறட்டைதான்.

"பாதிப் பெருமை மாத்திரைக்கு. மீதி இவங்களுக்கு" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. ஆனா செலவு வெக்கறாளுங்க" என்றான் சென்றாயன் குஷியாக. "ரோட்டுல திரியறவன் நானு, எம்படச் செருப்பு அப்படியே கெடக்குது. ஊட்டுல இருக்கறவளுக்கு மூணு மாசத்துல ரெண்டு சோடி தேஞ்சு போச்சு. நான் அக்கட்டால போனதும் டான்ஸ் ஆடறாளோ என்னமோ!"

"சித்த சும்மா இருங்க" என்று சாலம்மாள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பதினொன்றரை.

"காத்தால லாரியில கூட்டியாந்தனுங்க. சின்னப்புள்ளயாட்டம் கழுத்தை வெளியில நீட்டிக்கிட்டே வந்தா."

டாக்டர் சீட்டை எழுதி நீட்டினார். "கம்பவுண்டர்கிட்ட மாத்திரை வாங்கிக்கங்க. இன்னும் ஆறு மாசம் நிறுத்தாம சாப்பிடணும்."

சென்றாயன் சீட்டோடு வெளியே போனான். டாக்டர் சாலம்மாள் பக்கம் திரும்பினார். "அவரு அப்படி அழறப்போ பதில் சொல்லாம எப்படிம்மா இருந்தீங்க? பெரிய பெரிய படிச்சவங்களால முடியாத காரியம் இது."

"பதில் எனக்குத் தெரியுமுங்க. அதனால முடிஞ்சுது."

"எப்படித் தெரியும்?"

"அவரு லாரி எடுத்ததும் நான் பின்னாலயே நடந்துருவனுங்க. மல்லூரு வரைக்கும். யாரும் உளுந்து கெடக்கலைன்னு பாத்துப்போட்டு பஸ்ஸேறி ஊட்டுக்கு வந்துருவேன். அப்புறம் அவரு எவ்வளவு கேட்டாலும் வாயைக் கட்டிக்கலாமுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "தினமுமா?"

"தெனமுந்தானுங்க."

"சரி, நடந்தது நடந்து போச்சு. அவரு கேக்கறதை நிறுத்தியே ஒரு மாசம் ஆகுதே. இனிமே நீங்க எதுக்குப் போகணும்?"

வெளியே கம்பவுண்டரோடு சென்றாயன் சிரித்துப் பேசுவது கேட்டது. சாலம்மாள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். முந்தானையைச் சுற்றிய விரல் வெளுத்திருந்தது.

"லாரியில உக்காந்து வந்தா பின்னாடி சரியாத் தெரியலீங்க டாக்டர்" என்று எழுந்தாள். "இன்னிக்கு மட்டும் ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்ரனுங்க. இதோட சரி."