வேப்பங்கன்றும் துபாய் கேசட்டும்

“மதியானத்துல ஊத்திடாத முன்னி. சூடேறின மண்ணுல தண்ணி பட்டா வேரு வெந்துபூடும். பொழுது சாஞ்சப்புறம் ஊத்து. தண்டு மேல ஊத்தாத, ஒரு சாண் தள்ளிப் பாத்தி கட்டி ஊத்து. இந்தக் கோடையில யூரியா கீரியான்னு எதையும் வெச்சிடாத. மக்கின ஆட்டுப் புழுக்கை ரெண்டு கை போட்டா போதும்...”

டேப் ரெக்கார்டரில் அவள் புருஷன் பஷீர் அகமதுவின் குரல் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது. முன்னி பட்டென்று பொத்தானை அமுக்கினாள்.

“ஏண்டி நிறுத்திட்டே?” என்றாள் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள்.

“இன்னும் இன்னா இருக்குது கேக்கறதுக்கு? அரை மணி நேரமும் வேப்பங்கன்னு புராணம்தான். எனக்குன்னு ஒரு வார்த்தை கிடையாதுக்கா.”

லட்சுமியம்மாள் சிரித்தாள். “செஞ்சி பஸ் ஸ்டாண்டுல வாட்ச் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்த மனுசன். ஒரு துளசிச் செடிக்கு சொம்புத் தண்ணி ஊத்தினது கிடையாது. துபாய்க்குப் போயி இவ்ளோ எப்படிக் கத்துக்கினாரு?”

“ஏசி ரூம்ல உக்காந்து பாக்கற ஆபீஸ் வேலையாச்சே! பொழுது போவாம ஏதாச்சும் புஸ்தகம் படிக்கிறாரு போல,” என்று உதட்டைச் சுழித்தாள் முன்னி.

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. அவன் விமானம் ஏறி இரண்டரை வருஷம் ஆகிறது. வாசலில் ஒரு வேப்பங்கன்று நடச் சொன்னதும் அவன்தான், போன வருஷக் கேசட்டில். நட்டாள். கத்திரி வெயிலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம் ஊர்மேல் கக்கும். அந்தப் புழுக்கத்தில் அடிபம்பு வரிசையில் நின்று, குடம் குடமாய்ச் சுமந்து வந்து ஊற்றினாள். கன்று இடுப்புயரம் வளர்ந்து தளதளவென்று நின்றது. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் வந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் உட்கார மாட்டானா என்று இருந்தது.

போதாக்குறைக்கு, போன வாரம் சிங்கவரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி வேறு கொளுத்திப் போட்டுவிட்டாள். “பொண்டாட்டிகிட்ட பேச்சு கொறைஞ்சா, வேற எங்கியோ பேச்சு அதிகமாச்சுன்னு அர்த்தம்மா.” அன்றிலிருந்து முன்னிக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் காலை சாந்த் பாஷா வந்தான். பக்கத்து ஊர் அனந்தபுரத்துக்காரன், லீவில் வந்திருந்தான். துபாயில் பஷீரோடு ஒரே அறையில் தங்கி, ஒரே இடத்தில் வேலை பார்ப்பவன். பேரீச்சம்பழமும் சோப்பும் இன்னொரு கேசட்டும் கொண்டுவந்து வைத்தான்.

முன்னி டீ கொடுத்தாள். “அவுங்க நல்லா இருக்காங்களா தம்பி?”

“நல்லா இருக்காருக்கா.”

“ஏசி ஒத்துக்குதா? அவுங்களுக்குச் சட்டுனு சளி புடிச்சிக்குமே.”

சாந்த் பாஷா டீயை ஊதினான். “ஒத்துக்குது, ஒத்துக்குது.”

கேட்டுவிடுவது என்று முன்னி முடிவு செய்தாள்.

“தம்பி, உன் கூடப் பொறந்தவளா நெனச்சி மறைக்காம சொல்லு. அங்க அவுங்க... யார்கிட்டயாவது பேசிக்கினு இருக்காங்களா?”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு யாருக்கா சொன்னாங்க?”

அது போதுமாக இருந்தது அவளுக்கு. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அப்ப நெசம்தான்.”

“ஐயோ, நீங்க நெனக்கிற மாதிரி இல்லக்கா. வேல முடிஞ்சா தெனமும் அங்க போயி உக்காந்துடுவாரு. ரூமுக்கு வாங்க பாய்னு கூப்டாலும் வரமாட்டாரு. நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம்...”

“எவ அவ? பேரு இன்னா?” பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

சாந்த் பாஷா டம்ளரைக் கீழே வைத்தான்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினுதான் அனுப்பினாரு. நீங்க இப்படி அழுவறப்ப எப்படிக்கா சொல்லாம இருக்கறது?” என்று தலையைக் குனிந்துகொண்டான். “ஏசியும் இல்ல, ஆபீஸும் இல்ல. மணல் காட்டுல ரோட்டோரமா நட்டிருக்கிற ஆயிரம் வேப்பங்கன்னுக்கு எரு போட்டுத் தண்ணி ஊத்தற வேலைதான் எங்க ரெண்டு பேருக்கும். அதுல கடைசிக் கன்னுக்கு உங்க பேரை வெச்சிருக்காருக்கா... ‘முன்னி, இன்னிக்கு இன்னா கொழம்பு?’ன்னு தெனமும் அதுகிட்டதான் கேட்டுக்கினு உக்காந்திருப்பாரு.”